கடைசிக் கோட்டில் இருந்த ஆமென்

இந்தத் தட்டு மறுபடியும் வரப்போகிறது என்று எனக்கு முதன்முதலில் சொன்னது எங்கள் சபையில் ஆர்கன் வாசிக்கிற ஞானாபரணம் சார்தான், தம்பி. போன வருஷம், குருத்தோலை ஞாயிறு அன்று. ஆராதனை முடிந்து, கையில் ஓலையை வைத்துக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து கூப்பிடுகிறார். "சுகிர்தம்மா, உங்க கிதியோன் ரெக்கார்டை பெங்களூர்க்காரங்க திரும்பப் போடுறாங்களாமே? மருமகன் போன்ல காட்டினான்."

"எந்த ரெக்கார்டு சார்?" என்று கேட்டேன். ஏதோ பத்துப் பதினைந்து போட்ட பிள்ளை மாதிரி. போட்டதே ஒன்றுதான்.

காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். சர்க்கரை போதுமா? நீங்கள் கேட்டதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டு வருகிறேன். பழைய தட்டு வைத்திருக்கிறவர்கள், சேர்த்து வைக்கிற பழக்கம் உள்ளவர்கள், இந்தப் புதுசைக் காசு கொடுத்து வாங்கலாமா வேண்டாமா என்று எழுதப்போகிறீர்கள். அதற்கு என்னிடம் வந்து கேட்கிறீர்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். நான் எட்டாவது வரை படித்தவள். எனக்கு வேதாகமமும் பாட்டுப் புத்தகமும்தான் தெரியும். இருந்தாலும் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

கிதியோன் என் இளைய மகன். மூத்தவன் நெகேமியா, பெங்களூரில் இருக்கிறான். நடுவில் பிரிசில்லா, கோயம்புத்தூரில் வாத்தியார் வேலை. நாங்கள் அப்போது இங்கேயே பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவங்க அப்பா ஒர்க் ஷாப்பில் பிட்டர். கிதியோனும், பக்கத்துத் தெரு டெரிக்கும், இன்னும் இரண்டு பையன்களும் சேர்ந்து கிதார், டிரம்ஸ் என்று ஆரம்பித்தார்கள். பேர் 'ஹோம் சிக்னல்'. ஸ்டேஷனுக்கு வெளியே ரயில் நின்று உத்தரவுக்குக் காத்திருக்குமே, அந்த சிக்னல். அது எங்கள் வீட்டுச் சன்னலில் நின்றால் தெரியும். டெரிக் ஆங்கிலோ இந்தியப் பையன். அவன்தான் டிரம்ஸ். எங்கள் வீட்டு முன்னறைதான் அவர்களுக்கு எல்லாம். சன்னலுக்கு ஜமுக்காளம், கதவுக்கு என் கல்யாணப் போர்வை. சத்தம் வெளியே போகக்கூடாதாம். எங்கே போகாமல் இருக்கிறது? காலனி முழுக்கக் கேட்கும்.

அவங்க அப்பா ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தபடியே சொன்னார்: "ஒர்க் ஷாப்புல நானும்தான் நாள் பூரா தட்டுறேன். எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க. உங்களுக்கு யாருப்பா குடுக்கிறது?"

டெரிக் சளைக்காமல், "அங்கிள், நீங்க தட்டுனா ரயில் ஓடுது. நாங்க தட்டுனா மனுஷன் ஓடுறான்" என்றான். அவரே சிரித்துவிட்டார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, மறைப்பானேன். உலகத்துப் பாட்டு. இங்கிலீஷில் கத்துவது. ஒரு வார்த்தை விளங்காது. ஆனால் திட்டினதில்லை, தம்பி. ஜெபம் பண்ணினேன். எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணி என்றால் குடும்ப ஜெபம். யார் வீட்டில் இருந்தாலும் பாயில் உட்கார்ந்தாக வேண்டும், டெரிக் உட்பட. ஒரு கீர்த்தனை பாடுவோம், ஒரு அதிகாரம் வாசிப்போம். நான் ஜெபிப்பேன். முடிவில் பிள்ளைகள் ஆமென் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சாப்பாடு. அது இந்த வீட்டுச் சட்டம்.

ஒரு வருஷம் அவர்கள் தட்டுப் போடுவதற்காகப் பாட்டைப் பதிவு பண்ணினார்கள். வானொலிக்குச் சுவிசேஷப் பாட்டு பதிவு செய்கிற ஒருவரிடம் கெஞ்சி, பெரிய டேப் மிஷின் ஒன்றை வாங்கி வந்திருந்தார்கள். சுவிசேஷத்துக்கு உள்ள மிஷினில் இதைப் பிடிக்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தல். ஏழு மணி ஆனது. "பாய் போட்டாச்சு, வாங்கப்பா" என்றேன். கருவியை எல்லாம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். மிஷினை மட்டும் நிறுத்தவில்லை. மறந்துவிட்டார்களாம். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்றைக்கு நான் என்ன ஜெபித்தேன் என்பது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுடைய கையிலிருந்து இந்தச் சத்தத்தை எடுத்துப்போடும். உமக்குப் பிரியமான வழியில் இவர்களைத் திருப்பும்" என்று கேட்டேன். கண்ணை மூடி ஜெபிக்கிறவளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. குரல் தெரியும். எல்லாருக்கும் முந்தி ஆமென் சொன்னது என் கிதியோன். மற்ற நாள் மாதிரி வாய்க்குள் முணுமுணுக்கவில்லை. நீட்டி, ராகமாக, "ஆ...மென்" என்று. அதற்குப் பின்னால் மற்ற பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். சந்தோஷம்தான், வேறென்ன. பசியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகள், ஜெபம் முடிந்த சந்தோஷம்.

அந்த ஆமெனைத்தான் தட்டில் போட்டார்கள். எப்படி என்று டெரிக் எனக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து, கரண்டிக் காம்பால் வரைந்து காட்டினான். தட்டில் இருக்கிற கோடு வெளியே தொடங்கிச் சுருண்டு சுருண்டு உள்ளே வருமாம். பாட்டெல்லாம் முடிந்த பிறகு நடுக் காகிதத்துக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு கோடு. அது மட்டும் சுருளாது. தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கிடக்கும். முள் அதில் விழுந்தால் தானாக வெளியே வராது. சாதாரணமாக அதில் ஒன்றும் இருக்காது. இவர்கள் கல்கத்தாவில் தட்டு வெட்டுகிறவரிடம் கெஞ்சிக் கேட்டு, அந்தக் கடைசிக் கோட்டில் கிதியோனுடைய ஆமெனை வைத்துவிட்டார்கள். யாராவது எழுந்து போய் முள்ளைத் தூக்குகிற வரைக்கும் அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஆமென், ஆமென், ஆமென்.

தட்டுப் பெட்டி வந்து இறங்கின அன்றைக்கு நான் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். "அம்மா, இத மட்டும் கேளு. உனக்குன்னு வெச்சது" என்று போட்டான். எனக்கு முதலில் பயமாகிவிட்டது. பிள்ளை பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான், குரல் முன்னறையிலிருந்து வருகிறது.

"சரிடா, கேட்டாச்சு. முள்ளை எடு."

"நான் எடுக்கமாட்டேன். நீயே வந்து எடும்மா."

"தோசை கருகுதுடா."

"கருகட்டும். நீ வந்து எடுக்கிற வரைக்கும் ஆமென்தான்."

அவங்க அப்பா கூடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறார். கடைசியில் நான்தான் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தேன். முள்ளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று என் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தான்.

அந்த மழைக்காலத்திலேயே தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பெங்களூர், மைசூர் என்று போனான். கண்ட தண்ணியைக் குடித்திருக்கிறான். மஞ்சள் காமாலையோடு வந்து படுத்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சபையே உபவாசம் இருந்தது. கர்த்தருக்குச் சித்தம் வேறாக இருந்தது.

பத்தொன்பது வயது.

இருங்கள், நான் ஒன்றும் அழவில்லை. கண்ணில் புரை. பிரிசில்லா ஆபரேஷன் பண்ணச் சொல்கிறாள்.

அப்புறம் நெகேமியா வேலைக்குப் போனான், பிரிசில்லாவுக்குக் கல்யாணமானது, அவங்க அப்பாவும் ஓய்வு பெற்று இந்த வீட்டைக் கட்டி, குடியேறி, போய்ச் சேர்ந்துவிட்டார். ஏழு மணிக்குப் பாய் போட்டால் நான் ஒருத்தி. பாட்டையும் நானே பாடி, வசனத்தையும் நானே வாசித்து, ஜெபத்தையும் நானே பண்ணிவிடலாம். ஆமெனையும் நானே சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை, தம்பி. இந்த வீட்டில் அது பிள்ளைகளுடைய வேலை.

அப்போதுதான் அவனுடைய ரெக்கார்டு பிளேயரைத் துடைத்து எடுத்தேன். ஜெபம் முடிகிற சமயத்துக்கு முள்ளைக் கடைசிக் கோட்டில் வைத்துவிட்டு மறுபடி பாயில் முழங்கால் போடுவேன். ஆமென் சொல்லுவான். நான் முழங்காலை ஊன்றி எழுந்து போய் எடுக்கிற வரைக்கும் சொல்லுவான். ஒருநாள் தவறினதில்லை. காய்ச்சலில் கிடந்தாலும். பாட்டை நான் போட்டதே இல்லை. ஒரு தடவைகூட. எனக்கு எதற்கு அந்தச் சத்தம்? கடைசிக் கோடு போதும்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பிரிசில்லா ஜெபத்தில் உட்கார்ந்தாள். முடிந்ததும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா, அதுல ஒண்ணும் கேக்கலயேம்மா. உஷ்ஷுன்னு இரைச்சல்தான் வருது."

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் சீழ் வரும். கேட்கிற சக்தி அந்தக் காலத்திலேயே குறைவு. எனக்கு எதற்கு அவள் மனதை நோகடிக்க வேண்டும்? "சரிம்மா, சாப்பிட வா" என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்போது அந்தப் பெங்களூர்ப் பெண்ணுக்கு வருகிறேன். தீப்தி என்று பேர். தங்கமான பிள்ளை, நான் குறை சொல்லவில்லை. பழைய டேப் எல்லாம் டெரிக் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய், அங்கே பூஞ்சை பிடித்துப் போய்விட்டதாம். அவன் கையிலிருந்த தட்டும் கீறல். அதனால் நல்ல தட்டு ஒன்றிலிருந்துதான் பாட்டை எடுக்க வேண்டும் என்று என்னைத் தேடி வந்தாள். இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். தலையில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு என் தட்டைப் போட்டுக் கேட்டாள். அவள் முகம் மாறினதைப் பார்க்க வேண்டுமே.

"ஆன்ட்டி, இதை யாருமே போட்டதில்லையா? நேத்து கடையில வாங்கின மாதிரி இருக்கு! உலகத்துலயே இவ்வளவு சுத்தமான காப்பி இருக்காது."

"தினமும் போடுவேனேம்மா" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

பிறகு என் பிளேயரின் முள்ளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். "அய்யோ ஆன்ட்டி, இது ஆணி மாதிரி இருக்கு. எப்ப மாத்துனீங்க?" நல்ல முள், தம்பி. கிதியோன் காலத்து முள். அந்தக் காலத்துச் சாமான் எல்லாம் அப்படித்தான், மாற்றவே வேண்டாம்.

கொடுக்கலாமா வேண்டாமா என்று ஜெபித்தேன். என் பிள்ளையுடைய ஆமென் பத்துப் பேர் வீட்டில் கேட்கட்டும் என்று தோன்றியது. கொடுத்துவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, பத்திரமாகத் திருப்பி அனுப்பினாள், மெத்தை மாதிரி பஞ்சு சுற்றி. கூடவே புதுத் தட்டு ஒரு கட்டு. பிளேயருக்கு ஒரு புது முள்ளும். அதற்குள் மாசங்கள் ஓடிவிட்டன.

அன்றைக்கு ஏழு மணிக்குப் புதுத் தட்டைத்தான் முதலில் வைத்தேன். ஜெபித்துவிட்டுக் கடைசியில் முள்ளை வைக்கிறேன். ஒன்றுமில்லை. வெறுமனே சுற்றுகிறது. தட்டு மாறிவிட்டதோ என்று இன்னொன்றைப் பிரித்தேன். இன்னொன்று. எல்லாம் அப்படியே. சரி, நமக்குப் பழசு இருக்கிறதே என்று என் தட்டைப் போட்டேன். உஷ்ஷு.

பிரிசில்லா சொன்னாளே, அதே மாதிரி உஷ்ஷு.

தீப்திக்குப் போன் போட்டேன். அவள் ரொம்பப் பொறுமையாகச் சொன்னாள். "ஆன்ட்டி, உங்க தட்டுல அந்த ஒரு இடம் மட்டும் தேஞ்சு போயிருந்தது. எங்க கிட்ட வந்தப்பவே அப்படித்தான். வேற நல்ல தட்டு கிடைக்கல. அதான் விட்டுட்டோம்." தேயுமா, தம்பி? ஒரு துளி முள். ஒரு வார்த்தை. அது எப்படித் தேயும்? அவளே சொன்னாள், பாட்டை எடுப்பதற்கு முன்னால் ஏதோ மிஷினில் தண்ணி ஊற்றித் தட்டைக் கழுவினார்களாம். அதில்தான் போயிருக்க வேண்டும். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. பாவம், வேண்டுமென்றா செய்தாள்? அவளுக்காகவும்தான் ஜெபிக்கிறேன்.

டெரிக்குக்கும் பேசினேன். "உன்கிட்ட எங்கயாவது இருக்குமாப்பா அந்த ஆமென்?" என்றேன். "ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி. அது உங்களைக் கலாட்டா பண்ணப் போட்டது ஆன்ட்டி. நீங்க அப்படி ஜெபம் பண்ணவும் கிதி நக்கலா இழுத்தான். நாங்க சிரிச்சுட்டோம். நான்தான் இத தட்டுல போடலாம்னு சொன்னேன்" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அங்கே அப்போது எந்த நேரமோ, கொஞ்சம் குடித்திருப்பான் போல. "அழாதப்பா, டெரிக். சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டேன்.

நீங்களும் முன்னே ஒரு தரம் இந்தத் தட்டைப் பற்றி எழுதினீர்களாமே. பிரிசில்லா வாசித்துக் காட்டினாள். தட்டின் முடிவில் ஒரு குறும்பு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஆனால் அது குறும்பு இல்லை, தம்பி. நான் ஒன்று கேட்டேன், என் பிள்ளை அதற்கு ஆமென் சொன்னான். வேறு யார் பிள்ளை அம்மாவுடைய ஜெபத்தைத் தட்டில் ஏற்றினான், சொல்லுங்கள்.

புதுத் தட்டோடு ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். வழவழவென்று. கிதியோனைப் பற்றிக் கலகக்காரன் என்று எழுதியிருக்கிறதாம். ரேஷன் கடை வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கிவந்த பிள்ளை. கலகக்காரனாம்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். புதுசை வாங்கலாம் என்றே எழுதுங்கள். சத்தம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருக்கிறது. தீப்தி அனுப்பின அன்றைக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாட்டையும் போட்டுக் கேட்டேன். முதல் பக்கம் முழுக்கக் கேட்டேன். ஒரு வார்த்தை விளங்கவில்லை. மூன்றாவது பாட்டில் கிதியோன் தனியாக ஓர் இடத்தில் பாடுகிறான், டிரம்ஸ் இல்லாமல். மெல்லிசாக. இவ்வளவு நாள் இந்தத் தட்டுக்குள் இருந்திருக்கிறது, நான் கேட்டதில்லை. பாட்டுக்காக வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். அந்தப் பெண் நன்றாய் இருக்கட்டும். ஆனால் பழசு வைத்திருக்கிறவர்கள், புதுசு வந்துவிட்டதே என்று அதைக் கொடுத்துவிட வேண்டாம். அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நீங்கள் பையைத் திறந்து பழசும் புதுசுமாக இரண்டு தட்டையும் எடுத்துக் காட்டினபோதே பார்த்துவிட்டேன், தம்பி. அந்தப் பழைய அட்டை, ஓரத்தில் சிக்னல் கம்பம், அதன் கீழே நாலு பேர். நீங்கள் உறையில் போட்டு எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். கைக்குட்டையால் பிடித்தீர்கள். இரண்டாவது பக்கத்தை முடிவு வரை ஓடவிட்டே வருஷங்கள் ஆகிறது என்றீர்கள், அப்படியானால் அந்தக் கோடு அப்படியே இருக்கும்.

மணி ஏழாகப்போகிறது. உங்கள் ரயிலுக்கு நேரம் இருக்கிறது. பாய் அந்தக் கதவுக்குப் பின்னால். நீங்கள் கீழே உட்கார வேண்டாம், நாற்காலியிலேயே இருங்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மூட வேண்டியதில்லை. பிளேயரில் புது முள்தான் மாட்டியிருக்கிறது, தீப்தி அனுப்பினது. உங்கள் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. சின்ன ஜெபம்தான் பண்ணுவேன். நான் தலையைக் குனிந்ததும் நீங்கள் இரண்டாவது பக்கத்தின் கடைசியில் வையுங்கள். பாட்டு வேண்டாம்.

வைத்துவிட்டு முள்ளைத் தொடாதீர்கள், தம்பி. முழங்கால் முன்னே மாதிரி இல்லை, எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆகும். நானே வந்து எடுக்கிறேன்.